ஒத்திகையில் கொடுத்த பரிகாரம்

“பக்கத்து வீட்டு நாயை நான்தான் அவிழ்த்து விட்டேன், ஃபாதர்.”

“ஏன் அவிழ்த்து விட்டீங்க?”

“ஓயாம குரைச்சுது.”

“அவிழ்த்து விட்டா குரைக்காதா?”

“குரைக்கும். ஆனா வேற தெருவுல போய்க் குரைக்கும் இல்ல?”

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. கரும்பலகைப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவன் மேசையைத் தட்டினான்.

“நிறுத்து!” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. “நீ பாவசங்கீர்த்தனம் கேட்கிறியா, போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எழுதறியா? நாயைப் பத்தி இவ்வளவு அக்கறை எதுக்கு? எதிர்ல முட்டிபோட்டு இருக்கிற மனுஷனைப் பாரு.”

குரல் கொடுத்தவர் ஒழுக்க இறையியல் நடத்தும் பேராசிரியர். யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்திவிடுவார். அதனால் குருமடத்தில் தலைமுறை தலைமுறையாக அவருக்கு ‘பிரேக் ஃபாதர்’ என்று பெயர். அது அவருக்குத் தெரியாது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

குருப்பட்டத்துக்குச் சில வாரங்களே இருந்த திருத்தொண்டர்களுக்கு அது பாவசங்கீர்த்தனம் கேட்கப் பழகும் ஒத்திகை. துணி காயப்போடும் ஸ்டாண்டில் ஒரு சாம்பல் நிறப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் முழங்காலிட ஒரு பலகை. ஒருவன் குருவாக நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, செய்யாத பாவங்களைச் சொல்ல வேண்டும். விதிகள் இரண்டே. சொந்தப் பாவத்தைச் சொல்லக் கூடாது. கடைசியில் மன்னிப்பு வாசகத்தையும் சொல்லக் கூடாது, ஏனென்றால் பட்டம் ஆகாத வாய் அந்த வார்த்தைகளை விளையாட்டுக்குக்கூட உச்சரிக்கக் கூடாது. அந்த இடம் வந்ததும், ‘இத்துடன் ஒத்திகை முடிந்தது’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும்.

அன்று நாற்காலியில் உட்கார்ந்து நாயைப் பற்றி விசாரித்து மாட்டிக்கொண்டவனை எல்லோரும் ‘டெய்லர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். குருமடத்தில் சேருவதற்கு முன்னால் அப்பாவோடு தையல் கடையில் உட்கார்ந்தவன். இங்கே வந்த பிறகும் ஊசி அவனை விடவில்லை. யாருடைய அங்கியில் பொத்தான் அறுந்தாலும், யாருக்கு வயிறு போட்டு இடுப்பு இறுகினாலும் அவனிடம்தான் வருவார்கள். அவனால் சும்மா இருக்க முடியாது. தியானத்தில்கூட விரல்கள் தொடைமேல் எதையோ ஓரம் மடித்துக்கொண்டிருக்கும். பிரேக் ஃபாதர் திட்டியதில் இப்போது அவன் காது மடல் சுட்டது. அடுத்து வருகிறவனிடம் எப்படியாவது பேர் வாங்கிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டான்.

அடுத்து வந்து முழங்காலிட்டவன் ரேடியோ. வகுப்பில் அவனுக்குத்தான் டெய்லர் நெருக்கம். தூக்கத்தில்கூடப் பேசுகிறவன். சாப்பாட்டு அறையில் மௌனம் காக்க வேண்டிய நாட்களில் கண்ணாலேயே முழுக்கதை சொல்லி முடித்துவிடுவான். அவன் போர்வைக்குப் பின்னால் மறைந்ததுமே இரண்டு பேர் முன்கூட்டியே சிரித்தார்கள்.

“நான் ஒரு பட்டறையில வேலை பார்க்கிறேன், ஃபாதர்.”

“சொல்லுங்க.”

“நானும் எங்க அண்ணனும் ஒரே முதலாளிகிட்ட இருந்தோம். அண்ணன் நல்ல வேலைக்காரன். கூடிய சீக்கிரம் பெரிய பொறுப்புக்கு வந்திருப்பான். எங்க அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘ஒரு வீட்டுக்கு ஒருத்தன் போதும்டா, நீ திரும்பி வந்து நம்ம கடையைப் பாரு’ன்னு சொல்லிட்டார். எனக்குக் கடைக்குப் போக இஷ்டமில்ல.”

“அதனால என்ன செஞ்சீங்க?”

“அண்ணன் ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல ஒரு பொண்ணோட ஒரே குடைக்குள்ள நின்னான். நல்ல மழை. அவ்வளவுதான் நான் பார்த்தது. முதலாளிகிட்ட போய், ‘வாராவாரம் அவளைப் பார்க்கிறான், தம்பிங்கிற முறையில எனக்கே வெட்கமா இருக்கு’ன்னு சொல்லிட்டேன். அண்ணனை அனுப்பிட்டாங்க. அவன் கடைக்குப் போனான். நான் இங்கேயே… அங்கேயே இருந்துட்டேன்.”

“பொண்ணோட நின்னா வேலையை விட்டுத் தூக்கிடுவானா? என்ன முதலாளிடா இவன்?” என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

“அது அவங்க பட்டறைச் சட்டம். நீ வாயை மூடு,” என்றார் பிரேக் ஃபாதர்.

டெய்லருக்கு அது எதுவும் காதில் விழவில்லை. பாடம் கண்முன் பளிச்சென்று வந்து நின்றது. பொய் சொல்லி ஒருவன் பேரைக் கெடுத்தால், திருடின பொருளைத் திருப்பித் தருவதுபோல அந்தப் பேரையும் திருப்பித் தந்தாக வேண்டும். பரீட்சையில் கேட்பார் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த பக்கம் அது. கையில் லட்டுபோல வந்து விழுந்திருக்கிறது.

“இது உங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது, ஃபாதர்.”

“அப்ப உங்களுக்குப் பரிகாரம் இதுதான். அண்ணன்கிட்ட நேர்ல போய்ச் சொல்லுங்க. போன்ல இல்ல, வேற ஆள் மூலமா இல்ல, நேர்ல. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாதீங்க. வாழ்க்கையில அடுத்த படி ஏறுறதுக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்க.”

போர்வைக்கு அந்தப் பக்கம் பலகை ஒரு தடவை கிறீச்சிட்டது. டெய்லர் வழக்கமான வார்த்தைகளைச் சொல்லி எழுந்தான்.

“இத்துடன் ஒத்திகை முடிந்தது.”

பிரேக் ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னிக்கு உங்க பிரேக்குக்கு வேலை இல்ல,” என்றார். வகுப்பு மூச்சை அடக்கிக்கொண்டது. அப்படியானால் இவருக்குத் தெரியும், இத்தனை வருஷமாகத் தெரியும்! டெய்லர் தரையில் கால் படாமல் வெளியே வந்தான். முதல் தடவையாகத் தன் தோள்மேல் ஒரு உண்மையான குருவின் அங்கி பொருந்தி உட்கார்ந்ததுபோல இருந்தது அவனுக்கு.

மாடிப்படிக்குக் கீழே பழைய மெழுகுவர்த்தித் தண்டுகளும் கால் உடைந்த பெஞ்சுகளும் போட்டு வைத்திருந்த ஒரு அறையில் தையல் மெஷின் இருந்தது. ஒரே ஒரு சன்னல். அதன் வழியே பார்த்தால் வாசல் கேட்டும், அதற்கு அப்பால் தெருவில் போகிற கால்களும் தெரியும். மதியம் ஓய்வு நேரத்தில் டெய்லர் அங்கேதான் இருப்பான். பட்டம் வாங்குகிறவர்களின் பூசை உடுப்பெல்லாம் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

அன்று அவன் கையில் இருந்தது வெள்ளைப் பருத்தித் துணி. பட்டத்தின்போது ஆயர் புதுக்குருவின் உள்ளங்கையில் தைலம் பூசுவார். அந்தக் கையைத் துடைப்பதற்கான துணி. பிறகு அதைக் குருவின் அம்மாவிடம் கொடுப்பார்கள். அவள் அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, கடைசியில் சவப்பெட்டிக்குள்ளும் கையில் பிடித்துக்கொண்டு போவாள். தன் அம்மாவுக்கான துணியை டெய்லர் எப்போதோ தைத்து முடித்துவிட்டான். இது ரேடியோவுடையது. ரேடியோவுக்கு அம்மா இல்லை. ‘அண்ணனுக்குக் குடுக்கிறேன்டா, அவன்தான் எனக்கு அம்மா மாதிரி’ என்று சொல்லியிருந்தான். அண்ணனும் ஒரு காலத்தில் இதே குருமடத்தில் படித்து, உடம்பு முடியாமல் பாதியில் போனவர் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார்.

ரேடியோ உள்ளே வந்து கதவைச் சாத்தினான். ஒரு நூல்கண்டை எடுத்துச் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான்.

“என்னடா, ஸ்டேஷன் கிடைக்கலையா?” என்றான் டெய்லர்.

“அது பட்டறை இல்லடா.”

“எது?”

“முதலாளின்னு சொன்னேன்ல, அது இந்தக் குருமடத்துல அப்ப இருந்த அதிபர். வருஷக் கடைசியில ஒவ்வொருத்தரையா ரூமுக்குக் கூப்பிட்டு, ‘மத்தவங்களைப் பத்திச் சொல்லு’ன்னு கேட்பார் இல்ல? அப்ப சொன்னேன்.”

மெஷின் ஊசி துணியில் குத்தியபடி நின்றது. டெய்லருக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே மூச்சில் புரிந்தது. குடை, மழை, கடை. ‘இங்கேயே’ என்று சொல்லி ‘அங்கேயே’ என்று திருத்தியது.

“அப்ப உங்க அண்ணனுக்கு உடம்பு முடியாம போனது…”

“அதெல்லாம் ஊருக்காகச் சொன்னது. அனுப்பிட்டாங்க. பெட்டியைக் கட்டிட்டு இதோ இந்தக் கேட் வழியாத்தான் போனான். நான் மேல வராண்டாவுல நின்னு பார்த்துட்டு இருந்தேன். டாட்டா காட்டினான்டா.”

“உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? ஒத்திகையில ஏன்டா நிஜத்தைச் சொன்ன? சொந்தப் பாவம் கூடாதுன்னுதானே விதி?”

“வேற ஒண்ணுதான் யோசிச்சு வச்சிருந்தேன். பால்ல தண்ணி கலக்கிற கதை. பலகையில முட்டி பட்டதும் வாயில இது வந்துடுச்சு.”

“இதை நீ எந்தக் குருகிட்டயும் சொன்னதே இல்லையா?”

“சொல்லாம இருப்பேனா? போற இடமெல்லாம் சொல்லிட்டேன். தியானத்துக்கு வர்ற ஃபாதர் ஒருத்தர் விடாம சொல்லியாச்சு. எல்லாரும் ‘சின்ன வயசு, விட்டுத்தள்ளு’ன்னு முதுகைத் தட்டிட்டு, ஒரு ஜெபமாலை சொல்லுன்னு அனுப்பிடறாங்க. நீ ஒருத்தன்தான் போய்ச் சொல்லுன்னு சொன்ன.”

“அது பரிகாரமே இல்லடா! நான் குருவே இல்ல. போர்வை மாட்டி விளையாடினோம்.”

“அப்ப செல்லாதுன்னு சொல்லிடு.”

டெய்லர் வாயைத் திறந்தான். செல்லாது என்று சொல்ல ஒரு நொடி போதும். சட்டப்படி அதுதான் சரி. ஆனால் அவன் ஊசியிலிருந்து துணியை உருவி எடுத்தான். கொடுத்தவன் குரு இல்லாமல் இருக்கலாம், கொடுத்த இடம் துணி காயப்போடும் ஸ்டாண்டாக இருக்கலாம். அண்ணனின் பேர் கெட்டது கெட்டதுதானே?

“இல்ல, வேற ஏதாவது மாத்திக் குடு,” என்றான் ரேடியோ. “பரிகாரம் குடுத்தவர்தான் மாத்தணும்னு பாடத்துல இருக்கு. கல்லு மேல நடக்கச் சொல்லு, மாசம் பூரா உபவாசம் இருக்கச் சொல்லு. அண்ணன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லச் சொல்லாதடா. பட்டத்தன்னிக்கு என் பூசை உடுப்பைத் தூக்கிட்டுப் பீடத்துக்கு வரப்போறவன் அவன்தான். சொன்னா வருவானா? அவன் வராத பட்டம் எனக்கு எதுக்கு? சொல்லாமலே போனா, அவன் கையால அந்த உடுப்பை எப்படிப் போட்டுக்குவேன்?”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றான் டெய்லர். சொன்னதுமே தன்மீதே எரிச்சல் வந்தது. கடைக்கு வந்தவரிடம் அவன் அப்பா சொல்கிற ‘நாளைக்கு வாங்க’ மாதிரி இருந்தது அது.

அதற்குப் பிறகு ரேடியோவில் சத்தம் நின்றுவிட்டது. சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்தச் சொல்லக்கூட விரலால் காட்டினான். ‘பேட்டரி போயிடுச்சு’ என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள். பட்டத்துக்கு முன் வரும் மனமாற்றம் என்று ஆன்மகுரு சந்தோஷப்பட்டார். உண்மை தெரிந்த ஒரே ஆளான டெய்லர்தான் உள்ளங்கால் சுட்ட பூனைபோல அலைந்தான். ஜெபத்தில் உட்கார்ந்தால் பின்வரிசையில் ரேடியோ மூச்சு விடுவது கேட்டது. மெஷினில் உட்கார்ந்தால் கை சொன்னபடி கேட்கவில்லை. ஒரு அங்கியின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, அதைப் போட்டுப் பார்த்தவன் திருகிக்கொண்டு நின்றபோதுதான் கவனித்தான். பன்னிரண்டு வயதில்கூட அவன் செய்யாத தப்பு.

யாரிடம் கேட்பது? அது உண்மையான பாவசங்கீர்த்தனம் இல்லை, அதனால் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற முத்திரையும் இல்லை. அதிபரிடம் போய்ச் சொன்னாலும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ரேடியோ ஒரு தடவை அதிபர் அறைக்குப் போய் அண்ணனைப் பற்றிச் சொன்னதில்தானே எல்லாமே ஆரம்பித்தது? அதே வராண்டாவில், அதே கதவுக்கு முன்னால் போய் நிற்க டெய்லர் தயாராக இல்லை. ‘முகம் தெரியாத போர்வைன்னு நினைச்சு அவன் பேசினான். என் காதோட அது முடிஞ்சது’ என்று தனக்குத்தானே ஒரு முத்திரை வைத்துக்கொண்டான்.

இருந்தாலும் பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம் பிரேக் ஃபாதரைத் தேடிப் போனான். அவர் நூலகத்தில் ஏணிமேல் நின்று புத்தகங்களைத் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

“ஃபாதர், அந்தப் பட்டறைக்காரர் விஷயம். அவர் அண்ணன்கிட்ட சொல்லி, அதனால குடும்பமே உடைஞ்சா? அப்பவும் சொல்லித்தான் ஆகணுமா?”

“எந்தப் பட்டறைக்காரர்?”

“ஒத்திகையில வந்தவர், ஃபாதர்.”

“அட, அவரா? அவருக்குக் குடும்பமே கிடையாதேப்பா. போர்வைக்குப் பின்னாடி இருந்தது உன் ஃப்ரெண்ட் ரேடியோ.” அவருக்குத் தன் நகைச்சுவை மிகவும் பிடித்துப்போய்விட்டது. “உனக்கு முழு மார்க் போட்டாச்சு. அதைக் கிளறிக் கெடுத்துக்காதே. அந்தக் கடைசி அலமாரித் துணி கிழிஞ்சிருக்கு, போகும்போது எடுத்துட்டுப் போய்த் தைச்சுக் குடு.”

டெய்லர் கிழிந்த துணியோடு படியிறங்கினான். முழு மார்க். முழங்காலிட்டவன் யார் என்று பார்க்காமல், பாடத்துக்குப் பதில் சொன்னதற்குக் கிடைத்த மார்க். நாயைப் பற்றி விசாரித்த தப்பையேதான் மறுபடி செய்திருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. இந்தத் தடவை மனுஷனைப் பார்க்கவில்லை என்று யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

வீட்டார் வந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது ரேடியோ அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

“அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன். இன்னிக்கு வர்றான்.”

“என்ன சொன்ன?”

“ ‘வா’ன்னு மட்டும் சொன்னேன். நீ மாத்தித் தரமாட்டன்னு புரிஞ்சுடுச்சு.”

“நான் இன்னும் யோசிச்சிட்டுத்தான்டா…”

“யோசிக்காத. இன்னிக்குச் சொல்லிடறேன். அவன் வந்ததும் நீ கொஞ்ச நேரம் பேச்சுக் குடுத்துட்டு இரு. நான் கோவில்ல போய் உட்கார்ந்து தைரியம் சேர்த்துக்கிட்டு வர்றேன்.”

அண்ணன் மதியம் வந்தார். சன்னல் வழியே முதலில் அவர் செருப்பைத்தான் டெய்லர் பார்த்தான். கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் அது உள்ளே வந்தது. ரேடியோவின் அதே உயரம், அதே மூக்கு. ஆனால் செதுக்கியவன் பாதியில் எழுந்து போய்விட்டதுபோல முகத்தில் ஒரு முடியாத தன்மை. நகக்கண்ணில் வார்னிஷ் கறுப்பாக ஏறியிருந்தது. அக்குளில் ஒரு துணிப் பொட்டலம்.

யாரும் வழி காட்டாமலே நேராகப் படிக்கட்டுக்குக் கீழே வந்து, தாழ்வான நிலைப்படியில் இடிக்காமல் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார்.

“நீங்கதானே டெய்லர் பிரதர்? இவன் போன்ல உங்களைப் பத்திப் பேசாத நாளே கிடையாது. பட்டத்தன்னிக்குப் போட ஒரு கோட்டு வாங்கினேன். கை நீளமா இருக்கு. கடையில குடுத்தா காசையும் வாங்கிட்டுக் கையையும் வெட்டிடுவான். அதான் உங்ககிட்ட.”

“குடுங்கண்ணே. போட்டுக்கிட்டு நில்லுங்க. அவன் கோவில்ல இருக்கான், இப்ப வந்துடுவான்.”

“இருக்கட்டும், இருக்கட்டும்.” அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். “இந்த மெஷின் இன்னும் ஓடுதா? அப்பவே இருமிக்கிட்டுத்தான் இருக்கும். அதோ அந்தப் பெஞ்சுக் காலை உடைச்சது நான்தான். அதிபர் கேட்டப்ப ஒருத்தனும் வாயைத் திறக்கலையே!” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு தானாகவே வடிந்தது.

மேசைமேல் ஓரம் தைத்து முடித்த அந்த வெள்ளைத் துணி விரிந்து கிடந்தது. கோட்டைப் போடுவதற்கு முன்னால், வியர்த்த கையைத் துடைக்க அவர் எதார்த்தமாக அதை எடுத்தார். பாதியில் நிறுத்தினார். விரல்நுனியால் ஓரத் தையலைத் தடவிப் பார்த்தார்.

“தைலம் துடைக்கிற துணியா?”

“ஆமாண்ணே. அவனுது.”

“எனக்குன்னு சொன்னான்.” அவர் அதை நீளவாக்கில் மூன்றாக மடித்து, மறுபடி குறுக்கே மடித்து, மடிப்பு வெளியே தெரியாமல் வைத்தார். பீடத் துணியை மடிக்க இந்த வீட்டில்தான் அப்படிக் கற்றுக்கொடுப்பார்கள். இத்தனை வருஷம் செம்புக் கம்பி சுற்றிய கை அதை மறக்கவில்லை.

டெய்லர் குண்டூசிகளை வரிசையாக உதட்டில் கவ்விக்கொண்டு, அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து கோட்டின் வலது கையை மடித்து ஊசி குத்த ஆரம்பித்தான். வாய் நிறைய ஊசி இருந்ததில் அவனுக்கு ஒரு நிம்மதி. பேச வேண்டியதில்லை.

“போன் பண்ணினா அவன் நிறுத்தவே மாட்டான், பிரதர். நான் மோட்டாரைச் சுத்திக்கிட்டே ‘உம்’ கொட்டிட்டு இருப்பேன். இந்தத் தடவை ‘அண்ணே, வா’ன்னான். அவ்வளவுதான். வச்சிட்டான். எனக்குக் கை வேலை ஓடலை. பய சொல்லப் போறான்னு புரிஞ்சு போச்சு.”

டெய்லரின் விரல் நின்றது.

“உங்களுக்கும் தெரியும் போலிருக்கே. நான் சும்மா போட்டுப் பார்த்தேன், உங்க கை நின்னுடுச்சு.” அவர் சன்னலைப் பார்த்தபடியே பேசினார். “பயப்படாதீங்க, நான் உங்ககிட்ட எதையும் கேட்கப் போறதில்ல. எனக்கு அன்னிக்கே தெரியும். அதிபர் என்னை நிக்க வச்சுத் திட்டும்போது வாய் தவறிட்டார். ‘உன் கூடப் பிறந்தவனே தலைகுனிஞ்சு நிக்கறான்’னார். நான் ஒண்ணும் சொல்லலை. பெட்டியைக் கட்டினேன். கேட்ல திரும்பிப் பார்த்தா, மேல நிக்கறான். கையைக் காட்டினேன். வேற என்ன செய்யறது?”

டெய்லர் அண்ணாந்து பார்த்தான். வாயில் ஊசிகள். பேசுவதானால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

“அம்மா சாகற வரைக்கும் அவங்ககிட்டயும் சொல்லலை, அப்பாகிட்டயும் சொல்லலை. என் சம்சாரத்துக்குக்கூடத் தெரியாது. நல்லவன்னு நினைச்சுடாதீங்க. சொல்லிட்டா அது பெரிசாயிடும். சொல்லாம இருந்தா மோட்டார் சத்தத்துல அமுங்கிடும். பண்டிகைக்கு அவன் வருவான், ஒரே தட்டுல சாப்பிடுவோம், சிரிப்போம். என் பிள்ளைங்க அவன் முதுகுல ஏறிக் குதிக்கும். அதெல்லாம் நடிப்பு இல்ல, பிரதர். சத்தியமா இல்ல. பட்டத்தன்னிக்கு அவன் உடுப்பைத் தூக்கிட்டுப் பீடம் வரைக்கும் என்னால நடக்க முடியும். நடந்தே பார்த்துட்டேன், கடைக்குள்ள, ஷட்டரைப் போட்டுக்கிட்டு, ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு.”

அவரும் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்று டெய்லருக்குத் தோன்றியது. போர்வைக்குப் பதில் ஷட்டர்.

“ஆனா அவன் வந்து கால்ல விழுந்து, ‘நான்தான் செஞ்சேன்’னு சொல்லிட்டான்னு வைங்க. அப்ப நான் மன்னிக்கணும் இல்ல? அந்த இடத்துலயே, அவன் அழுதுட்டு இருக்கும்போதே, ‘விடுடா தம்பி’ன்னு சொல்லணும். அது என்கிட்ட இல்ல, பிரதர். தேடிப் பார்த்துட்டேன். ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். இல்லாததை எங்கேருந்து எடுத்துக் குடுப்பேன்? குடுக்க முடியலேன்னா, அப்புறம் எந்த முகத்தோட அவன் உடுப்பைத் தூக்குவேன்? அவன்தான் எந்த முகத்தோட போட்டுக்குவான்?”

கோட்டின் வலது கை மணிக்கட்டில் சரியாக மடிந்து நின்றது. இடது கை இன்னும் விரல்நுனி வரை தொங்கிக்கொண்டிருந்தது. ‘நேர்ல போய்ச் சொல்லுங்க’ என்று போர்வைக்குப் பின்னாலிருந்து சொன்ன குரல் டெய்லரின் காதில் ஒலித்தது. எவ்வளவு கணீரென்று இருந்தது அது! கேட்கப் போகிற காதைப் பற்றி அந்தக் குரல் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

மேலே கோவில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு வராண்டாவில் காலடிகள். சாதாரணமாக ரேடியோ படிகளைத் தாவித் தாவி இறங்குவான், ஏதாவது பாடிக்கொண்டு. இப்போது ஒவ்வொரு படியாக, ஒவ்வொன்றிலும் நின்று நின்று இறங்கினான். நேராக அவர்கள் தலைக்குமேல் வந்தது அந்தச் சத்தம்.

அண்ணனும் மேலே பார்த்தார். தொங்கிய இடது கைக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்து, குந்தி உட்கார்ந்திருந்த டெய்லரின் தோளைப் பிடித்தார். பிடி இறுகியது. கதவுக்கு வெளியே காலடி வந்து நின்றது.

“அவன் உங்க பேச்சைத்தான் கேட்பான்,” என்றார் மெதுவாக. “என்கிட்ட சொல்ல வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பிரதர்.”